அறுந்த காது, இறங்கிய துளை: காது மடலைத் தைத்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

காதுத் துளை பெரிதாகிவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது கம்மல்தான். நேராக நிற்க வேண்டியது முன்பக்கம் கவிழ்ந்து தரையைப் பார்க்கும். திருகாணி துளைக்குள் புதையப் பார்க்கும். அப்போதும் பெரும்பாலானவர்கள் பெரிய திருகாணியாக மாற்றிப் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் சீப்போ துண்டோ குழந்தையின் விரலோ மாட்டும். மிச்சமிருந்த மெல்லிய தோலும் அறுந்து, மடலின் அடிவிளிம்பு இரண்டு துண்டாக நிற்கும்.

நல்ல செய்தி, உடம்பில் தைத்துச் சரிசெய்ய வசதியான இடங்களில் காதின் கீழ் மடலும் ஒன்று. காதின் மற்ற பகுதிகளில் இருப்பதுபோல இங்கே குருத்தெலும்பு கிடையாது. தோல், கொழுப்பு, கொஞ்சம் நார்த்திசு, அவ்வளவுதான். ரத்த ஓட்டம் தாராளம் என்பதால் புண் சீக்கிரம் ஆறும். மரத்துப்போகும் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்யலாம். அன்றைக்கே வீட்டுக்கும் போகலாம்.

ஆனால் ஒரு விஷயம் புரியாமல் இதில் இறங்கக் கூடாது.

ஏன் தானாக ஒட்டாது?

கம்மலின் எடை மாதக்கணக்கில் இழுக்க இழுக்க, துளை மெல்லக் கீழே இறங்குகிறது. அப்படி இறங்கும்போதே அதன் உட்சுவர் முழுவதும் தோல் படர்ந்துவிடுகிறது. அறுந்து ஆறிய காதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் தெரியும்: பிளவின் இரண்டு ஓரங்களும் வழவழப்பாக, மெல்லிய பளபளப்போடு இருக்கும். அது புண் இல்லை, முழுத் தோல். இரண்டு விரல்களை எவ்வளவு நாள் சேர்த்துக் கட்டி வைத்தாலும் ஒட்டிக்கொள்ளாது. அதே கதைதான் இங்கேயும்.

அதனால் பிளாஸ்டர், தோல் பசை, வீட்டில் அரைத்த பச்சிலை எதுவும் பழைய பிளவை மூடாது. கடையில் கிடைக்கும் சூப்பர் க்ளூ பக்கமே போகாதீர்கள், தோல் வெந்துபோகும். அறுவையே இல்லாமல் காது ஒட்டித் தருவதாக அழகு நிலையங்களில் சொல்வது பெரும்பாலும் அமிலம் தடவும் முறை. டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தால் துளையின் உட்தோலை எரித்து, புண்ணாக்கி, ஆறும்போது ஒட்டவைப்பது அதன் கணக்கு. தோல் மருத்துவர்கள் சிலர் சிறிய துளைகளுக்கு அதை அளவறிந்து பயன்படுத்துவதுண்டு. பயிற்சி இல்லாதவர் கையில் அதே அமிலம் நல்ல தோலையும் தின்றுவிடும். முழுதாகப் பிளந்த காதுக்கு அது வழியே இல்லை.

ஆக, எந்த முறையில் செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்: ஓரத்தில் படர்ந்த தோலை வெட்டி எடுத்து, பச்சைப் புண்ணாக்கி, அந்தப் புண்ணையும் புண்ணையும் சேர்த்துத் தைப்பது.

படி 1: உங்கள் காது எந்த வகை என்று பாருங்கள்

கம்மலைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள்.

துளை கோடாக நீண்டிருக்கிறது, கீழே இன்னும் சதை இருக்கிறது என்றால் அது பாதிப் பிளவு. கீழே இருக்கும் சதையின் தடிமனைக் கவனியுங்கள். நூல்போல மெலிந்துவிட்டிருந்தால் அது என்றைக்கு வேண்டுமானாலும் அறுந்துவிடும். அந்தக் காதில் இனி எதையும் தொங்கவிடாதீர்கள்.

விளிம்புவரை அறுந்திருந்தால் முழுப் பிளவு.

வேண்டுமென்றே வளையம் போட்டுப் படிப்படியாகப் பெரிதாக்கிய துளை வேறு ரகம். வளையத்தைக் கழற்றிவிட்டுச் சில மாதங்கள் காத்திருந்தால் அது ஓரளவு தானாகவே சுருங்கும். சில மில்லிமீட்டர் அளவுக்கே விரித்த துளை, சாதாரணக் கம்மல் போடும் அளவுக்குத் திரும்பவும் வாய்ப்புண்டு. 10 மில்லிமீட்டரைத் தாண்டியது முழுதாகத் திரும்புவது அரிது. எப்படியானாலும் தைப்பதற்கு முன்பு இரண்டு மூன்று மாதமாவது வளையம் இல்லாமல் விட்டுவைப்பது நல்லது. மடல் சுருங்கச் சுருங்க வெட்டவேண்டிய சதை குறையும்.

நான்காவதாக ஒன்று உண்டு; இதை அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். துளை பெரிதாகியிருக்காது. வயதால் கொழுப்பு வற்றி, மடல் மெலிந்து சுருங்கியிருக்கும். கம்மல் அதனால் கவிழும். இதற்குத் தையல் தேவைப்படாமல் போகலாம். ஹயலுரோனிக் அமில ஃபில்லர் ஊசி போட்டு மடலுக்குக் கொஞ்சம் சதைப்பற்றைத் திருப்பித் தரலாம். அது நிரந்தரம் இல்லை, நாளாவட்டத்தில் உடம்பு கரைத்துவிடும்.

இப்போதுதான் அறுந்ததா?

அப்படியானால் மேலே சொன்னதெல்லாம் இருக்கட்டும், இதைப் படியுங்கள். புதிதாக அறுந்த காதின் ஓரத்தில் தோல் படர இன்னும் நேரமில்லை, அதனால் நேரடியாகவே தைத்துவிடலாம். சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதையும் வைக்காதீர்கள். மருத்துவர் முதலில் அதைக் கழுவி எடுக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கும். சதைத் துண்டு ஏதாவது தனியாக வந்துவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பைக்குள் போட்டு, பையைப் பனிக்கட்டி மேல் வைத்து எடுத்துப்போங்கள். நேரடியாகப் பனிக்கட்டியில் போட வேண்டாம்.

அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்விடுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். நாயோ மனிதரோ கடித்து அறுந்ததென்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சையே மாறும். நாள் கடந்து, சீழ் வைத்த நிலையில் போனால் உடனே தைக்க மாட்டார்கள். புண்ணை ஆறவிட்டு, வீக்கம் வடிந்து சதை மிருதுவானபிறகு, வழக்கமாக மூன்று மாதம்போலக் கழித்து, பழைய பிளவாகக் கருதித் தைப்பார்கள்.

படி 2: யாரிடம் போவது, என்ன கேட்பது

பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைப் பயிற்சி உள்ள தோல் மருத்துவர், காது மூக்கு தொண்டை நிபுணர், மூவரும் இதைச் செய்கிறார்கள். பாதிப் பிளவுக்கு இவர்களில் யாரும் போதும். வளையத்தால் பெரிதாக விரிந்த மடலுக்கு என்றால் அதே மாதிரிக் காதுகளைச் சரிசெய்த அனுபவம் உள்ளவராகத் தேடுங்கள். அங்கே தைப்பது பாதி வேலைதான், மடலுக்குப் புது வடிவம் கொடுப்பது மீதி.

பெயருக்குப் பின்னால் உள்ள பட்டத்தைவிட, அவர் செய்த காதுகளின் படத்தைப் பாருங்கள். முன்பக்கப் படம் மட்டும் போதாது. மடலின் அடிவிளிம்பு தெரிகிற மாதிரி, செய்து சில மாதம் ஆன பிறகு எடுத்த படம் கேளுங்கள். தையல் பிரித்த அன்றைக்கு எல்லாக் காதும் அழகாகத்தான் இருக்கும். அடிவிளிம்பில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியும் அதைப் பற்றியதே: "என் காதுக்கு நேர்க்கோட்டில் தைப்பீர்களா, மடக்கித் தைப்பீர்களா, ஏன்?" இதன் காரணம் படி 4-இல் வருகிறது. மற்றபடி, கரையும் தையலா பிரிக்கும் தையலா, மறுபடி எப்போது குத்தலாம், கட்டணத்தில் தையல் பிரிப்பதும் அடங்குமா என்பவை. அழகுக்கான சிகிச்சை என்று கருதி மருத்துவக் காப்பீடு இதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

படி 3: போகும் முன்

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை சில உண்டு. முன்பு எங்காவது தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது கெலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு) உண்டா, சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்கிறதா, பல் பிடுங்கும்போது போட்ட மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொண்டதா, கர்ப்பமா. இது அவசரச் சிகிச்சை இல்லை என்பதால் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள்.

ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும்; எதையெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஒரு காதுத் தையலுக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அந்த மருந்தோடேயே பல நேரம் செய்துவிடலாம். புகைப்பவர்கள் முன்னும் பின்னும் சில வாரங்கள் நிறுத்தினால் புண் நன்றாக ஆறும். துளையில் சீழோ அரிப்போ இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும்.

அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்துவிடுங்கள், அடுத்த ஓரிரு நாள் அது முடியாது. தலை வழியாகக் கழற்றும் உடை வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையாகப் போட்டால் தையல் மேல் உராயாது.

படி 4: மேசையில் நடப்பது

முதலில் பேனா. ஊசி போடுவதற்கு முன்பே வெட்டவேண்டிய கோட்டை வரைந்துவிடுவார்கள். ஊசி மருந்து ஏறியதும் மடல் உப்பி வடிவம் மாறிவிடும், அதன் பிறகு வரைந்தால் அளவு தப்பும். அதனால் கோடு போட்டதும் கண்ணாடி கேட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவில் வருமா என்று கேட்க இதைவிட்டால் நேரம் கிடையாது.

அடுத்து மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசி. வலியில் பெரும்பங்கு இந்தச் சில நொடிகள்தான். குத்துவதைவிட மருந்து உள்ளே போகும்போது சுரீரென்று எரியும். மெதுவாக ஏற்றினால் எரிச்சல் குறையும். "மெல்லப் போடுங்க" என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம். ரத்தம் குறையட்டும் என்று பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருப்பார்கள், அதனால் சிறிது நேரத்தில் மடல் வெளிறிப்போய், தொட்டால் கெட்டியாக இருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும்.

பிறகு வெட்டு. பாதிப் பிளவு என்றால் துளையைச் சுற்றியுள்ள தோலை மட்டும் நீள்வட்டமாகவோ வட்டக் கத்தியாலோ குடைந்து எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் தைப்பார்கள். அடியில் மிச்சமிருக்கும் சதை மிக மெல்லியதென்றால் அதையும் வெட்டிவிட்டு முழுப் பிளவாக்கித் தைப்பதுண்டு. கேட்க வம்பாகத் தோன்றும், ஆனால் அந்த நைந்த இழையை வைத்துக்கொண்டால் விளிம்பு சரியாக வராது.

முழுப் பிளவில்தான் மருத்துவரின் கைவண்ணம் தெரியும். எந்தத் தழும்பும் ஆறும்போது தன் நீளவாக்கில் சுருங்கும். விளிம்புவரை நேர்க்கோட்டில் தைத்த தழும்பு அப்படிச் சுருங்கும்போது விளிம்பை மேலே இழுக்கும். இழுத்த இடத்தில் சின்னப் பள்ளம் விழும். இதைத் தவிர்க்கத்தான் சிலர் விளிம்புக்கு அருகே கோட்டை இசட் வடிவில் மடக்குகிறார்கள். கோடு மடங்கினால் இழுப்பு ஒரே திசையில் சேராமல் பிரிந்துவிடும். வேறு சிலர் நேர்க்கோட்டையே வைத்துக்கொண்டு, விளிம்பில் தோல் ஓரங்களைச் சற்று மேலெழும்ப வைத்துத் தைக்கிறார்கள். சுருங்கும்போது அது மட்டமாகிவிடும். இரண்டும் ஏற்கத்தக்க வழிகளே. என் கருத்து, மடக்கித் தைப்பவரைத்தான் தேட வேண்டும் என்றில்லை. பள்ளம் விழாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்பவர் போதும்.

சதை தடிமனாக இருந்தால் உள்ளே கரையும் நூலில் ஓரிரு தையல். வெளியே 5-0 அல்லது 6-0 அளவு மெல்லிய நைலான் நூல், முன்பக்கமும் பின்பக்கமும். விளிம்பில் போடும் தையலைத்தான் பலர் முதலில் போடுவார்கள். இரண்டு பக்க விளிம்பும் துல்லியமாகப் பொருந்திவிட்டால் மற்றது தானாக வரிசைக்கு வரும். உங்களுக்கு வலி இருக்காது, இழுப்பது மட்டும் தெரியும். எதிர்பாராத விஷயம் சத்தம்தான்: நூலை வெட்டும் கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்திலேயே க்ளிக் க்ளிக் என்று கேட்கும்.

சாதாரணப் பிளவுக்குக் காதுக்கு அரை மணி நேரம்போல ஆகும். வளையத்தால் விரிந்த மடலுக்குக் கூடுதல். அங்கே நூல்போலத் தொங்கும் சதையில் தேவையில்லாததை நீக்கி, மிச்சத்தை மடித்து, பழைய வட்ட வடிவைத் திரும்பக் கட்ட வேண்டும். மடல் முன்பைவிடச் சற்றுச் சிறியதாக வரும் என்பதை ஏற்றுக்கொண்டே போங்கள்.

படி 5: முதல் இரண்டு வாரம்

மரப்பு விட்டதும் லேசான வலி வரும், பாராசிட்டமால் போதும். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஈரம் படக் கூடாது. பிறகு மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, சொல்லிக்கொடுத்த களிம்பையோ வாசலினையோ மெல்லியதாகத் தடவுங்கள். காய்ந்து பொருக்கு கட்டாமல் ஈரப்பதத்தோடு ஆறும் புண்ணில் தழும்பு நன்றாக அமையும். பொருக்கைப் பிய்க்காதீர்கள்.

தூங்கும்போது தலையைச் சற்று உயர்த்தி, தைத்த காது தலையணையில் அழுந்தாமல் படுங்கள். இரண்டு காதும் தைத்திருந்தால் மல்லாந்துதான். கஷ்டம்தான், வேறு வழியில்லை. போனை மறு காதில் வையுங்கள், அல்லது ஸ்பீக்கரில் பேசுங்கள். இறுக்கமான ஹெல்மெட், தலைச் சாயம், நீச்சல் எல்லாம் தள்ளி இருக்கட்டும். கைக்குழந்தை வீட்டில் இருந்தால் தைக்காத காதுப் பக்கமாகத் தூக்குங்கள்.

தையலை வழக்கமாக 7 முதல் 10 நாளுக்குள் பிரிப்பார்கள். பிரித்ததும் காது ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வாரத்தில்கூட அந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு நல்ல இழுப்பில் மறுபடி பிரிந்துவிடும்.

உடனே மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறிகள்: இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடுவது, சிவப்பு பரவுவது, சீழ், காய்ச்சல், தையல் விட்டு ஓரம் வாய் திறப்பது, 15-20 நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம்.

படி 6: தழும்பும் கெலாய்டும்

முதல் சில வாரம் கோடு சிவந்து, தடவினால் கடினமாக இருக்கும். பலர் இங்கேதான் பதறுவார்கள். தழும்பு மிருதுவாகி நிறம் மங்க 6 முதல் 12 மாதம் ஆகும். புண் முழுதாக மூடியபிறகு சிலிக்கான் ஜெல் தடவலாம். வெயிலில் போகும்போது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் தடவினால் தழும்பு கருக்காது.

கெலாய்டு வேறு. சாதாரணத் தழும்பு வெட்டிய கோட்டுக்குள்ளேயே நிற்கும். கெலாய்டு கோட்டைத் தாண்டி, உருண்டையாக, அரிப்போடு வளரும். காது மடல் அதற்குப் பிடித்த இடம். கருமையான தோலில் அதிகம் வரும். சில மாதம் கழித்துத் தலைகாட்டும் என்பதால் காது நன்றாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அவ்வப்போது விரலால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் சின்னதாக இருக்கும்போதே காட்டுங்கள். ட்ரையம்சினோலோன் ஸ்டீராய்டு ஊசி, அழுத்தம் தரும் கிளிப் கம்மல் ஆகியவற்றால் அடக்க முயற்சி செய்வார்கள். வெறுமனே வெட்டி எடுத்தால் முன்பைவிடப் பெரிதாகத் திரும்ப வரக்கூடும். ஏற்கெனவே கெலாய்டு வந்தவர்கள் அழகுக்காக மட்டும் தைத்துக்கொள்வதற்கு முன்பு நன்றாக யோசிக்க வேண்டும்.

படி 7: மறுபடி குத்துவது

எத்தனை நாள் கழித்து என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆறு வாரத்திலேயே சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் காத்திருப்பதே மேல் என்பேன். தழும்பு அதற்குள் ஓரளவு பலம் பெற்றிருக்கும். எவ்வளவு காத்திருந்தாலும் அது பழைய தோலின் பலத்தில் 80 சதவீதம்போலத்தான் எட்டும், முழுதாகத் திரும்பாது.

அதனால் தழும்புக் கோட்டின் மேலேயே குத்தக் கூடாது. அதே இடத்தில் மறுபடி அறுக்கும். கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, நல்ல தோலில், மடலின் நடுவாக, அடிவிளிம்பிலிருந்து போதிய சதை விட்டுக் குத்த வேண்டும். முதல் துளை இறங்கியதற்கே பலருக்குக் காரணம் அதை அடிவிளிம்பை ஒட்டிக் குத்தியதுதான். ஒரு காதில் மட்டும் தைத்திருந்தால், இரண்டு கம்மலும் ஒரே உயரத்தில் நிற்குமா என்பதையும் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுக் குத்தச் சொல்லுங்கள்.

முதலில் போடுவது இலேசான, தட்டையான கம்மலாக இருக்கட்டும். டைட்டானியம் நல்லது, நிக்கல் கலக்காத தங்கமும் சரி. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் துளை எப்போதும் அரித்துப் புண்ணாகி, சதை நைந்து, எடை இல்லாமலேயே இறங்கும். அடிக்கடி காது அரிக்கும் என்றால் பழைய துளை இறங்கியதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

தொங்கும் கம்மலை அடியோடு விட வேண்டும் என்றில்லை. விசேஷத்துக்குச் சில மணி நேரம் போட்டுவிட்டுக் கழற்றிவிடலாம். அகலமான பின்தட்டு வைத்தோ, மடலின் பின்பக்கம் ஒட்டும் தாங்கு பட்டை வைத்தோ போட்டால் எடை ஒரே புள்ளியில் விழாது. படுக்கும்போது கண்டிப்பாக வேண்டாம். புதுத் துளையும் கீழ்நோக்கி நீளத் தொடங்கினால், அறுந்துபோகும்வரை காத்திருக்காமல் அப்போதே காட்டிவிடுங்கள். விளிம்பு உடையாத காதைத் தைப்பது மருத்துவருக்கும் எளிது, பள்ளம் விழும் வாய்ப்பும் குறைவு.